லென்ஸுக்கு வைத்த பொட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் எதற்குப் பொட்டு வைப்பதில்லை என்று கேட்டால்தான் பதில் சொல்வது கஷ்டம். சரஸ்வதி பூஜை வந்தால் மணிக்குப் பொட்டு, பீரோவுக்குப் பொட்டு, ஜெராக்ஸ் மிஷினுக்குப் பொட்டு, மோட்டார் சுவிட்சுக்கும் பொட்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் ஸ்கூட்டிக்கு நானே வைக்கிறேன். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் எங்கே வைத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது.

நான் மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். வீடு கே.கே. நகரில். மூக்குக்கு மேல் கோபம் என்று ஸ்டாஃப் ரூமில் பெயர் வாங்கியவள். நான் உள்ளே நுழைந்தால் ஃபேன்கூடச் சத்தம் போடாது என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அந்த மைக்ரோஸ்கோப் வந்தது ஒரு நினைவு நிதியில். ஆழ்வார்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பதியின் ஒரே மகள் எங்கள் பள்ளியில் படித்தவள். பிறகு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது நோய் வந்து இறந்துபோனாள். நினைவுநாள் என்றால் அன்னதானம் போடுவார்கள், முதல் மார்க் வாங்கிய பெண்ணுக்குக் குத்துவிளக்கு கொடுப்பார்கள். நாங்கள் பார்த்தது அவ்வளவுதான். இவர்கள் கேட்டது வேறு மாதிரி இருந்தது. வகுப்பை விட வேகமாக ஓடுகிற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்துகாட்ட எந்த ஆசிரியைக்காவது ஆசை இருந்தால், அதற்கு உதவி. பரீட்சைப் பயிற்சிக்கு மட்டும் கிடையாது. நான் விண்ணப்பித்தேன், கிடைத்தது.

ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் இது புரியவில்லை. நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு எதற்கு உதவி, ஃபெயிலாகிற பெண்ணுக்கு அல்லவா உதவி வேண்டும் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகப் படிக்கிற பெண் என்றால் எங்கள் ஊரில் அவளைக் கவனிக்கவே வேண்டாம். அவளே படித்துக்கொள்வாள், ரிசல்ட் வந்த அன்றைக்கு ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினால் நம் கடமை தீர்ந்தது. அதுவும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் மாவாட்டுகிற பள்ளிகள் எத்தனை. கெட்டிக்காரப் பெண்களுக்கு அந்த இரண்டு வருஷமும் சிறைதான். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் நல்ல பிள்ளைகள்.

சனிக்கிழமை காலையில் வகுப்பு வைத்தேன். முதல் ரேங்க் வாங்குகிறவள் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க அவளுக்கு தி. நகரில் கோச்சிங். இரண்டாவது ரேங்க்கும் அங்கேதான். வந்தவர்கள் நான்கைந்து பேர், அவர்களிலும் பாதிப் பேர் காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு காணாமல் போனார்கள். விடாமல் வந்தவள் ஒருத்தி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவள் குடும்பம் அடையாற்றுக் கரையில் இருந்தது. வீடுகளை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே சேர்ந்துகொள் என்று எல்லோரும் சொன்னபோதும் அவள் எங்கள் பள்ளியை விடவில்லை. இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வருவாள். அவளுடைய ரேங்க் மேலேயும் கீழேயுமாக ஆடிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் இருக்கிற வரியை அப்படியே எழுதாமல் தான் பார்த்ததை எழுதுவாள், திருத்துகிறவர்கள் மார்க்கைக் குறைப்பார்கள்.

ஆனால் இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பெண்களில் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு வைத்து வரிசையில் நிற்க வைத்தால் எங்கள் பெண்கள் எல்லோரும் கண்ணை வைப்பதற்கு முன்னாலேயே "தெரியுது மிஸ்" என்பார்கள். தெரியவில்லை என்றால் மிஸ் திட்டுவார்கள், பின்னால் நிற்கிறவள் சிரிப்பாள். இவள் மட்டும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி, "எனக்கு ஒண்ணும் தெரியல மிஸ்" என்பாள். ஃபோகஸ் திருகைத் திருப்பி, ஸ்லைடை நகர்த்தி, உண்மையிலேயே தெரிந்த பிறகுதான் தெரிகிறது என்பாள். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தானாக வந்த குணம், கெடுக்காமல் விட்டால் போதும்.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். குளத்துத் தண்ணீரைச் சில பாட்டில்களில் ஊற்றி, ஒன்றில் சோற்றுப் பருக்கை, ஒன்றில் வைக்கோல், ஒன்றில் கீரைத்தண்டு போட்டாள். எந்தத் தண்ணீரில் பாரமீசியம் அதிகம் பெருகுகிறது என்று ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும். செருப்பு வடிவத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு செல் உயிர் அது. முதல்முறை அதைப் பார்த்த அன்று அவள் பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இது சுத்திக்கினே போவுது மிஸ்" என்றாள். அது உருண்டுகொண்டே நீந்தும் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கோடை விடுமுறையில் பள்ளிப் பெண்களுக்கு முகாம் நடத்துகிறது. விஞ்ஞானிகளோடு தங்கி வேலை பார்க்கலாம். மார்க் கேட்க மாட்டார்கள். ஓர் உயிரைத் தொடர்ந்து பார்த்து எழுதியதை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் மட்டுமே போகலாம். இப்படி ஒரு பெண்ணுக்காகவே வைத்தது போன்ற முகாம். கடைசித் தேதி டிசம்பரில். அவளிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிட ஒரு பஸ் முன்னதாகவே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் சரஸ்வதி பூஜை வந்தது.

பூஜையில் மைக்ரோஸ்கோப்பை நடு மேஜையில் வைத்து, மாலை போட்டு, தலைமையாசிரியை தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். சாய்ந்து நிற்கும் குழாயின் உச்சியில் வட்டமாக ஓர் இடம் இருக்கிறது அல்லவா, கண்ணை வைக்கிற இடம், அதன் நட்டநடுவே. பதறிப்போய்க் கேட்டேன். "நெத்தி மாதிரி இருந்தது, வெச்சேன். இதுல என்ன தப்பு?" என்றார். துடைக்கக் கையை நீட்டினேன். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பூஜை முடிந்து பள்ளி திறந்த அன்று மைக்ரோஸ்கோப் தலைமையாசிரியை அறையில், கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. பூட்டு. நிதி கொடுத்தவர்கள் மகளின் திதியை ஒட்டிப் பள்ளிக்கு வரப்போகிறார்களாம். அதுவரை பொருள் பத்திரமாக, பளிச்சென்று இருக்க வேண்டுமாம். பிள்ளைகள் தொட்டுத் தொட்டு ஏதாவது உடைந்துபோனால் அவர்கள் மூஞ்சியில் எப்படி விழிப்பது என்று என்னையே கேட்டார். பிள்ளைகள் தொடுவதற்குத்தானே அவர்கள் கொடுத்தார்கள் என்றேன். "நீங்க எல்லாத்துக்கும் சண்டைக்கு வர்றீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார். போய்ப் போய்க் கேட்டேன். சாவி கிடைக்கவில்லை.

விடவில்லை நான். அடையாறில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் என் சிநேகிதி வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் பாட்டில்களைத் துணிப்பையில் சுற்றி, அந்தப் பெண்ணின் மடியில் வைத்து, ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து, பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டு அங்கே போனோம். மெட்ரோவுக்காக வெட்டிப்போட்ட சாலையில் ஒவ்வொரு குலுங்கலுக்கும் அவள் "ஐயோ, பாத்து மிஸ்" என்பாள். தனக்கு அடிபடுமே என்று அல்ல. அந்த நாட்களில் வைக்கோல் பாட்டிலில் உயிர் கொப்பளித்தது. இன்னும் சில வாரம் பார்த்து முடித்தால் போதும், அனுப்பிவிடலாம் என்ற நிலையில் இருந்தோம்.

விழா நாள் வந்தது. இரண்டு நாளாய் மழை விட்டு வெயில் கொளுத்தியது. ஹாலில் அந்த மகளின் பெரிய படம், ரோஜா மாலை, ஊதுவத்தி. பக்கத்தில் மைக்ரோஸ்கோப், அதற்கும் ஒரு சின்ன மாலை. லென்ஸைத் துடைத்தாகிவிட்டது, ஸ்லைடும் வைத்தாகிவிட்டது, நீங்கள் போய் விருந்தாளிகளை அழைத்து வந்தால் போதும் என்று தலைமையாசிரியை சொன்னார். நிதியால் பயன்பெற்ற மாணவி செயல்விளக்கம் காட்டுவாள் என்றும் அறிவித்தார். மேடையில் நின்றது முதல் ரேங்க் பெண். சனிக்கிழமை வகுப்புப் பக்கமே வராதவள். என் பெண்ணைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதல் ரேங்க் கண்ணை வைத்தாள். திருகைத் தொடக்கூட இல்லை. செல் சுவர் தெரிகிறது, நடுவில் உட்கரு தெரிகிறது, சுற்றிலும் சைட்டோபிளாசம் தெரிகிறது என்று புத்தகத்தில் உள்ள வெங்காயத் தோல் பக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கைதட்டல். தலைமையாசிரியை குனிந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ க்ளியரா இருக்கு" என்றார். நிதி கொடுத்த ஐயா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த அம்மா பார்த்தார், நன்றாக இருக்கிறது என்பது போலக் கையைக் காட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற பெண்ணும் ஒருத்தி இருக்கிறாளாமே, அவளையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாவே கேட்டார்.

அவள் மேடையேறினாள். குனிந்தாள். கை தானாகத் திருகுக்குப் போனது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஸ்லைடை நகர்த்தினாள். பிறகு கை நின்றது. தலையை நிமிர்த்தித் தலைமையாசிரியையைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள், படத்தில் இருந்த பெண்ணையும் பார்த்தாள்.

"நல்லா தெரியுது மேடம்" என்றாள்.

எல்லோரும் கேசரிக்கும் போண்டாவுக்கும் எழுந்து போன பிறகு நான் மேடையேறிக் கண்ணை வைத்தேன். வெறும் காவி மூட்டம். காய்ந்த சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்து, கண்ணாடி முழுக்கக் குங்குமத்தோடு சேர்த்துப் பூசி மெழுகிவிட்டிருந்தார்கள். அதன் வழியாக யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அத்தனை பேரும் பார்த்தார்கள், அத்தனை பேருக்கும் தெரிந்ததாம்.

மற்றவர்களை விடுங்கள். இவள் எப்படிச் சொன்னாள்? வராந்தாவில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "ஒண்ணும் தெரியலன்னு சொன்னா அந்தம்மா மனசு கஷ்டப்படும்ல மிஸ். அப்பால இவங்க சனிக்கிழம கிளாஸே வேணாம்னுட்டா நான் இன்னா பண்றது?"

அடித்துவிடலாம் போலிருந்தது. அவளை இல்லை. யாரை என்றும் தெரியவில்லை. என்ன தெளிவாகக் கற்றுக்கொடுத்துவிட்டோம் இவளுக்கு. ஒரு வருஷம் போராடினாலும் நான் கற்றுக்கொடுக்க முடியாததை ஒரே காலையில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நேராக வாசலுக்குப் போனேன். அந்த அம்மா காரில் ஏறப்போனார். லென்ஸில் இருந்தது சந்தனம், நீங்கள் பார்த்தது ஒன்றுமே இல்லை என்றேன். அவர் அதிர்ச்சியடையவில்லை.

"எனக்கும் ஒண்ணுமே தெரியலை. கொழந்தைகள் எல்லாம் தெரியறதுங்கறா, நான் போய் இல்லேன்னு சொல்லி அதுகளைச் சங்கடப்படுத்தணுமான்னு இருந்தது" என்றார்.

அதாவது எல்லோரும் எல்லோரிடமும் அன்பாக நடந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, பொய்யே சொல்லத் தெரியாத ஒரு பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தா. உங்க பொண்ணு பேர்ல நடந்த விழாவுல இன்னைக்கு அவ பொய் சொல்லக் கத்துக்கிட்டா."

ஐயா காருக்குள்ளிருந்து நேரமாகிறது என்றார். அந்த அம்மா பட்டுப் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். லேப் எங்கே என்று மட்டும் கேட்டார்.

மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு, வராந்தாவில் நின்றவளையும் கூட்டிக்கொண்டு லேபுக்குப் போனேன். மாலையைக் கழற்றி எறிந்தேன். லென்ஸைப் பஞ்சால், ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தேன். உன் பாட்டிலை எடு, அம்மாவுக்கு உண்மையான ஒன்றைக் காட்டு என்று அவளிடம் சொன்னேன். பாட்டில்கள் வழக்கமாக இருக்கும் ஜன்னலோரம் காலியாக இருந்தது; விழா வேலையில் நான் லேப் பக்கம் வந்தே சில நாளாகியிருந்தது. விருந்தாளிகள் வரும்போது நாற்றம் அடிக்கக் கூடாது என்று மூன்று நாளைக்கு முன்பே தலைமையாசிரியை அவற்றை மொட்டை மாடிக்கு அனுப்பியிருக்கிறார். அவள் மாடிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது வைக்கோல் பாட்டிலைத் துப்பட்டாவில் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் பிடிக்க முடியாத சூடு. மற்ற பாட்டில்களும் அதே வெயிலில்தான் கிடந்தனவாம்.

ஒரு சொட்டு வைத்துக் குனிந்தாள். ஸ்லைடை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நகர்த்தினாள். இன்னொரு சொட்டு வைத்தாள். இன்னொன்று. பின்னாலேயே வந்துவிட்ட தலைமையாசிரியை கதவோரம் நின்று அவளுக்குக் கண்ணால் ஏதோ சைகை செய்துகொண்டிருந்தார்.

"என்ன தெரியறது கொழந்தே?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியையையும் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் செத்துப்போச்சு."

தலைமையாசிரியை பாய்ந்து வந்தார். மீதி வாரங்களுக்குச் சும்மா எழுதிக்கொடு, நான் கையெழுத்துப் போட்டு முகாமுக்கு அனுப்புகிறேன், இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். எல்லாப் பள்ளியிலும் பிராக்டிகல் ரெக்கார்டு அப்படித்தான் நிரம்புகிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள், அப்படி எழுத மாட்டேன், செத்துப்போச்சு என்றுதான் எழுதணும் என்று. அந்த அம்மாவுக்கு முன்னால், அதுவும் இன்றைக்குப் போய், அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்கிறாய் என்று தலைமையாசிரியை பல்லைக் கடித்தார்.

அந்த அம்மா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். குனிந்து கண்ணை வைத்து, அசைவில்லாத அந்தத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ. என் பொண்ணு ஆஸ்பத்திரில இருந்தப்போ ஒருத்தரும் என்கிட்ட அந்த வார்த்தையைச் சொல்லலை. டாக்டர், இவர், என் நாத்தனார், எல்லாருமா நன்னாயிண்டு வரா, நன்னாயிண்டு வரான்னே சொல்லிண்டிருந்தா. நானும் நம்பிண்டு, ஆத்துக்கு வரச்சே கட்டிக்கட்டும்னு புதுப் புடவை எடுத்துண்டு போனேன். அன்னிக்கு எனக்கு இப்படி ஒருத்தி இருந்திருக்கணும்."

காரிலிருந்து இறங்கி வந்து லேப் வாசலில் நின்ற ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பீரோ சாவி என்னிடம் இருக்கிறது. அந்த அம்மா கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். சனிக்கிழமை வகுப்பும் நடக்கிறது. முதல் ரேங்க் பெண்கூட கோச்சிங்குக்கு மட்டம் போட்டுவிட்டு எப்போதாவது வருகிறாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கிப் பார்க்க டிசம்பருக்குள் நாள் இல்லாததால், அந்தப் பெண் இருந்ததை இருந்தபடியே எழுதி முகாமுக்கு அனுப்பினாள், விழாவுக்காக மொட்டை மாடியில் வைத்ததால் எல்லாம் செத்துவிட்டன என்பது உட்பட. தொடர்ந்து பார்த்து முடிக்காததை எடுத்துக்கொள்வதில்லை என்று பதில் வந்தது. அவர்கள் மேலும் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லை என்கிற இந்த ஊர்ப் பழக்கம்தான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது.

ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள், எல்லாம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே மிஸ், இன்னும் எதற்கு உங்களுக்குக் கோபம் என்று. அந்த முகாம் பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும்தான். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு.